விண்டோஸ் கணிப்பொறிக்குள் ஓர் எந்திரப் பட்டறை

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

      

வெள்ளி விழா என்றால் கடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பது வழக்கம். அதனை எங்களுக்கு முன் பேசிய பெரியோர் செம்மையாகச் செய்துவிட்டனர். சங்கத்தின் மாலைநேரத் தொழில் வகுப்புகளை நடத்திவரும் எங்களுக்கு இடப்பட்ட பணி வேறு. எந்திரம் இல்லாத இடத்தில் எந்திரக் கல்வியை எவ்வாறு தருவது என்னும் கேள்விக்கு விடை கூறுமாறு எங்களைப் பணித்துள்ளனர். அந்த விடை ஏட்டளவில் நிற்காமல், இன்றிரவு வீட்டிற்குச் சென்றவுடன் நீங்கள் செய்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

தள்ளி நின்று பார்ப்போர்

கோயம்புத்தூர், ஓசூர், அம்பத்தூர், திருப்பெரும்புதூர் ஆகிய ஊர்களில் உள்ள எந்திரப் பட்டறைகளில் இன்று பெரும் பகுதி வேலை சி.என்.சி. எந்திரங்களில் நடக்கிறது. கணிப்பொறி தரும் எண்களைக்கொண்டு தானே நகர்ந்து உலோகத்தை வெட்டும் எந்திரமே சி.என்.சி. எந்திரம். அதன் முன் இருவகைத் தொழிலாளர் நிற்கின்றனர். ஒருவர் ஜாப்பை ஏற்றி, பச்சைப் பொத்தானை அழுத்தி, முடிந்ததும் இறக்குபவர். மற்றவர் வரைபடத்தைப் படித்து, எந்திரத்துக்கு உரிய புரோகிராமை எழுதி, டூலையும் அளவையும் செட் செய்பவர். இருவர்க்கும் வியர்வை ஒன்றே, கூலி ஒன்றன்று. வேலை குறையும்போது முதலில் வெளியே அனுப்பப்படுபவர் யார் என்பதை நீங்களே அறிவீர்கள்.

பொத்தானை அழுத்துபவராக வேலையில் சேரும் நம் பிள்ளை, பொத்தானை அழுத்துபவராகவே ஓய்வு பெறலாகாது. இதுவே எங்கள் கவலை. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓர் எந்திரத்தைச் சுற்றி ஒரு வகுப்பே நிற்கிறது. அந்த எந்திரத்தின் விலையோ பல இலட்சம். ஒரு தவறான எண் கட்டரை முறிக்கும், ஸ்பிண்டிலைக் கெடுக்கும். ஆகவே பயிற்றுநர், “தள்ளி நின்று பாருங்கள்” என்கிறார். அவரைக் குறை கூற இயலாது. ஆயினும், தள்ளி நின்று பார்த்தே இரண்டு ஆண்டுகளைக் கழித்த மாணவனுக்குக் கையில் சான்றிதழ் இருக்கும். நெஞ்சில் துணிவு இராது. “தள்ளி நில்” என்னும் சொல்லை நம் முன்னோர் எங்கெங்குக் கேட்டனர் என்பதை இந்த அவைக்கு நாங்கள் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பட்டறையிலும் அது நம்மைத் தொடர வேண்டா.

தவறு செய்யாமல் எவரும் தொழில் கற்றதில்லை. தவற்றுக்கு விலை கொடுக்க இயலாதவர்க்குத் தவறு செய்யும் வாய்ப்பே மறுக்கப்படுகிறது. விலையின்றித் தவறு செய்து பழக ஓர் இடம் கிடைக்குமானால், அதுவே நமக்கு வேண்டிய பள்ளி. அத்தகைய பள்ளி ஒன்று உண்டு. அது ஒரு சாதாரண விண்டோஸ் கணிப்பொறிக்குள் அடங்கும்.

எந்திரத்தின் மொழி வந்த வழி

எண்களால் எந்திரத்தை நடத்தும் முறை அமெரிக்காவில் பிறந்தது. எலிகாப்டர் இறக்கைகளைச் செய்துவந்த சான் பார்சன்சு என்பவர், வளைந்த உருவத்தின் புள்ளிகளை முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த எண்களைக்கொண்டு எந்திரத்தை நகர்த்தலாம் என்று கண்டார். அந்நாட்டு விமானப்படை 1949-இல் இதற்குப் பொருளுதவி செய்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1952-இல், துளையிட்ட நாடாவைப் படித்து இயங்கும் மில்லிங் எந்திரம் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டப்பட்டது. நாடா மறைந்தது; எண்கள் நிலைத்தன. ஜி-கோடு என்று பட்டறைகளில் வழங்கும் மொழி அந்த வழியில் வளர்ந்ததே.

அம்மொழியைப் படித்து எந்திரத்தை நடத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பெரிய நிறுவனங்கள் செய்து விற்கின்றன. அதனுள் என்ன நடக்கிறது என்பது வாங்கியவர்க்கும் தெரியாது. இதற்கு மாறாக, அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் 1990-களில் ஒரு கட்டுப்பாட்டு மென்பொருளை உருவாக்கியது. அரசு ஊழியர் ஆக்கியது ஆகையால் அது எவருடைய தனிச் சொத்தும் ஆகவில்லை. பின்னர் உலகின் பல பகுதிகளில் உள்ள தன்னார்வலர்கள் அதனை ஏற்று வளர்த்தனர். ஈ.எம்.சி. என்று வழங்கிய அது 2011 முதல் லினக்ஸ் சி.என்.சி. என்னும் பெயர் பெற்றது. மில்லிங் எந்திரம், கடைசல் எந்திரமாகிய லேத், பிளாஸ்மாவால் தகடு வெட்டும் எந்திரம் எனப் பலவற்றை அது இயக்குகிறது.

அது இயங்கும் லினக்ஸ் என்னும் தளமோ, 1991-இல் எல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினசு டோர்வால்டு தொடங்கியது. இவை கட்டற்ற மென்பொருள்கள். எவரும் பெறலாம், பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். ஒருவர் இறக்கிய கோப்பைப் பென்டிரைவில் பத்துப் பேருக்குக் கொடுப்பது திருட்டன்று. உரிமமே அதனை அனுமதிக்கிறது. உன் பெயர் என்ன, உன் ஊர் எது, உன் தெரு எது என்று கேளாமல் கற்றுக்கொடுக்கும் ஆசானைப் பெற்றுள்ளோம் என்பதை இளைஞர்கள் உணர வேண்டும்.

ஒரே வீட்டில் இரு குடித்தனம்

ஆனால் ஓர் இடையூறு உண்டு. நம் பிள்ளைகளிடமும் சங்க அலுவலகத்திலும் உள்ளவை பெரும்பாலும் விண்டோஸ் கணிப்பொறிகள். லினக்ஸ் சி.என்.சி.யோ பெயருக்கேற்ப லினக்ஸ் தளத்தில் மட்டுமே இயங்குவது. விண்டோசை அழித்துவிட்டு லினக்சை ஏற்றலாம் என்றால், தங்கையின் பாடமும் அண்ணனின் விண்ணப்பங்களும் அதே கணிப்பொறியில் இருக்கின்றன. என் செய்வது?

இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, மெய்நிகர் கணிப்பொறி. விண்டோசுக்குள் ஒரு மென்பொருளை நிறுவினால், அது ஒரு முழுக் கணிப்பொறியைப் போலவே நடிக்கும். அதனுள் லினக்சைக் குடியேற்றலாம். நகரத்து ஒண்டுக்குடித்தனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் விண்டோஸ், ஓர் அறையில் குடியிருப்பவர் லினக்ஸ். சமையல் தனித்தனி, குழாய் மட்டும் பொது. விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருள் இதற்கு விலையின்றிக் கிடைக்கிறது.

இரண்டாம் வழி, விண்டோசிலேயே அமைந்துள்ள லினக்ஸ் பகுதி. மைக்ரோசாப்ட் நிறுவனம் டபிள்யூ.எஸ்.எல். என்னும் பெயரில் 2016 முதல் இதனைத் தருகிறது. விண்டோஸ் 11-இல் லினக்சின் படச் சாளரங்களும் இதன் வழியே திறக்கின்றன. கட்டளைகளைத் தட்டிப் பழகியோர்க்கு இது ஏற்றது. புதியவர்க்கு நாங்கள் முதல் வழியையே பரிந்துரைக்கிறோம்.

மூன்றாம் வழி, பென்டிரைவிலிருந்தே லினக்சைத் தொடங்குவது. கணிப்பொறியை அணைத்துப் பென்டிரைவைச் செருகித் தொடங்கினால் லினக்ஸ் வரும். கழற்றித் தொடங்கினால் விண்டோஸ் வரும். இவ்வழியில் ஓர் எச்சரிக்கை. திரையில் தோன்றும் “நிறுவுக” என்னும் கட்டளையைத் தெரியாமல் அழுத்தி, வட்டை அழிக்க இசைவு தந்தால், உண்மையான வட்டே அழியும். மெய்நிகர் கணிப்பொறியிலோ அழிவது ஒரு கோப்பு மட்டுமே. ஆகவேதான் புதியவர்க்கு முதல் வழி என்கிறோம்.

நிறுவும் முறை

முதலில் கணிப்பொறியின் தகுதியைப் பாருங்கள். 64 பிட் பிராசசரும் 8 ஜிபி நினைவகமும் இருந்தால் போதும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்பார்மன்ஸ் பகுதியில் சிபியு என்பதைத் தெரிவு செய்தால், விர்ச்சுவலைசேஷன் என்ற சொல்லுக்கு எதிரே ‘எனேபிள்டு’ என்றிருக்க வேண்டும். அவ்வாறு இல்லையெனில் கணிப்பொறியைத் தொடங்கும்போது பயாஸ் அமைப்பினுள் சென்று அதனை இயக்கிவிட வேண்டும். பெரும்பாலும் எஃப்2 அல்லது டெலிட் விசை அவ்விடத்துக்கு அழைத்துச் செல்லும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும்.

அடுத்து, விர்ச்சுவல்பாக்சையும், லினக்ஸ் சி.என்.சி. திட்டத்தார் ஆயத்தமாக வழங்கும் ஐ.எஸ்.ஓ. கோப்பையும் அவரவர் சொந்தத் தளங்களிலிருந்தே இறக்க வேண்டும். அந்தக் கோப்பில் டெபியன் என்னும் லினக்சும், எந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருளும் சேர்ந்தே இருக்கின்றன. விர்ச்சுவல்பாக்சில் புதிய கணிப்பொறி ஒன்றை உருவாக்கி, வகை லினக்ஸ், பிரிவு 64 பிட் டெபியன் என்று குறியுங்கள். நினைவகம் 4 ஜிபி, பிராசசர் இரண்டு, வட்டு 25 ஜிபி என்று ஒதுக்குங்கள். பாதி நினைவகத்துக்கு மேல் குடியிருப்பவர்க்குக் கொடுத்தால் வீட்டுக்காரர் திணறுவார், இருவரும் நகரமாட்டார்கள்.

ஐ.எஸ்.ஓ. கோப்பை இணைத்துத் தொடங்கி, கேட்கும் வினாக்களுக்கு விடையளித்து நிறுவுங்கள். நிறுவி முடித்தவுடன் ‘ஸ்னாப்சாட்’ என்னும் வசதியால் அந்த நிலையைப் பதிந்து வையுங்கள். பின்னர் எதனைக் கெடுத்தாலும் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். கற்பவர்க்கு இதனினும் பெரிய காப்பு வேறில்லை.

லினக்சின் பட்டியலில் சி.என்.சி. என்னும் பகுதியில் லினக்ஸ் சி.என்.சி.யைத் திறந்தால், எந்த எந்திரம் வேண்டும் என்று அது கேட்கும். மாதிரி அமைப்புகளில் ‘சிம்’ என்பதனுள் ‘ஆக்சிஸ்’ பகுதியில், மில்லிமீட்டர் அளவுக்குரிய ‘ஆக்சிஸ்-எம்.எம்.’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். சிம் என்பது சிமுலேஷன். அதாவது பாவனை இயக்கம். எந்திரம் இணைக்கப்படவில்லை, ஆனால் கட்டுப்பாடு முழுவதும் மெய். உலகின் பட்டறைகளில் உண்மையான எந்திரங்களை நடத்தும் அதே மென்பொருள்தான் உங்கள் முன் நிற்கிறது, பொம்மை அன்று.

திரை திறந்ததும் எஃப்1 விசையால் அவசர நிறுத்தத்தை விடுவியுங்கள். எஃப்2 விசையால் எந்திரத்துக்கு ஆற்றல் தாருங்கள். பின்னர் எல்லா அச்சுகளையும் ‘ஹோம்’ செய்யுங்கள். பட்டறையில் காலையில் எந்திரத்தை எழுப்பும் முறையும் ஏறத்தாழ இதுவே. இம்மூன்றையும் நாள்தோறும் செய்து கைப்பழக்கம் ஆக்கிக்கொள்வதே முதற் பாடம்.

முதல் செய்நிரல்

இப்போது ஒரு வேலை செய்வோம். 60 மில்லிமீட்டர் சதுர அலுமினியக் கட்டையின் மேற்பரப்பில், 6 மில்லிமீட்டர் கட்டரால், 40 மில்லிமீட்டர் சதுரமாக, 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு காடி வெட்ட வேண்டும். கட்டையின் இடப்பக்க முன்மூலையிலிருந்து இருபுறமும் 10 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிச் சுழிப்புள்ளியை வைக்கிறோம்; மேற்பரப்பே உயரத்தின் சுழி. அச்சு வசதிக்காகத் தமிழில் எழுதுகிறோம்; கணிப்பொறியில் ஆங்கில எழுத்துகளாகத் தட்ட வேண்டும்.

ஜி21 ஜி90
ஜி0 இசட்5
எம்3 எஸ்2000
ஜி0 எக்ஸ்0 ஒய்0
ஜி1 இசட்-2 எஃப்60
ஜி1 எக்ஸ்40 எஃப்200
ஜி1 ஒய்40
ஜி1 எக்ஸ்0
ஜி1 ஒய்0
ஜி0 இசட்5
எம்5
எம்2

ஜி21 என்றால் அளவு மில்லிமீட்டரில். ஜி90 என்றால் எண்கள் யாவும் சுழிப்புள்ளியிலிருந்து எண்ணப்படுபவை. ஜி0 வெட்டாமல் விரைந்து செல்லும் நகர்வு. ஜி1 சொன்ன வேகத்தில் நேர்க்கோட்டில் வெட்டிச் செல்லும் நகர்வு. எஃப் என்பது நிமிடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் என்னும் வேகம். எம்3 ஸ்பிண்டிலைச் சுழற்றும்; எஸ்2000 நிமிடத்துக்கு 2000 சுற்று. எம்5 அதனை நிறுத்தும். எம்2 முடிவு. ஆங்கிலம் தெரியாதே என்று அஞ்சுவோர் கவனியுங்கள். இதில் ஆங்கில வாக்கியம் ஒன்றுகூட இல்லை. சில எழுத்துகளும் எண்களும் மட்டுமே.

இயக்குமுன் கணக்குப் போடுங்கள். சதுரத்தின் சுற்றளவு 160 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 200 வீதம் சென்றால் 48 விநாடி. மேலே 5-இலிருந்து கீழே 2 வரை இறங்கும் தொலைவு 7. நிமிடத்துக்கு 60 வீதம் 7 விநாடி. ஆக, வெட்டும் நகர்வுகளுக்கு 55 விநாடி. இப்போது இயக்கிக் கையில் கடிகாரத்துடன் பாருங்கள். உங்கள் கணக்கும் திரையின் நகர்வும் ஒத்துவரும் அந்த நொடியில், எந்திரம் உங்களுக்கு அந்நியமாகத் தோன்றுவது நின்றுவிடும். இவ்வாறு நேரம் கணிக்கத் தெரிந்தவரே நாளை ஒரு வேலைக்கு விலை கூறத் தகுதி பெறுகிறார். சொந்தப் பட்டறை வைக்க எண்ணும் இளைஞர் இதனை மறவற்க.

பாவனை சொல்வதும் சொல்லாததும்

அடுத்த பாடம், வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பது. எக்ஸ்40 என்பதை எக்ஸ்400 என்று எழுதுங்கள். மாதிரி எந்திரத்தின் எல்லையைத் தாண்டுகிறது என்று மென்பொருள் எச்சரிக்கும். வேகத்தைக் குறிக்காமல் ஜி1 எழுதுங்கள். சுழி வேகத்தில் வெட்ட இயலாது என்று மறுக்கும். வட்ட வில்லுக்குரிய ஜி2, ஜி3 கட்டளைகளில் தொடக்கமும் முடிவும் மையத்துக்குப் பொருந்தாவிட்டால் அதனையும் காட்டிக்கொடுக்கும். எக்ஸ்40 என்பதை எக்ஸ்4 என்று எழுதினால் பிழைச்செய்தி வாராது. ஆனால் திரையில் சதுரம் சிதைந்து தோன்றும். உங்கள் கண்ணே அதனைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி, பாவனை சொல்லாதவற்றைக் கவனமாகக் கேளுங்கள். இறங்கும் வரியில் ஜி1 என்பதற்கு ஜி0 என்று எழுதிவிட்டால், உண்மையான எந்திரத்தில் கட்டர் முழு வேகத்தில் உலோகத்தில் மோதி முறியும். பாவனையில் ஒன்றும் நேராது. கோட்டின் நிறம் மட்டும் மாறும். எம்3 வரியை விட்டுவிட்டால், சுழலாத கட்டர் உலோகத்துக்குள் நுழையப் பார்க்கும். பாவனை அதனையும் மறுப்பதில்லை. இசட்-2 என்பதன் கழித்தற்குறி விட்டுப்போனால் காற்றை வெட்டிவிட்டு வெற்றியுடன் முடிந்ததாகச் சொல்லும். ஜாப்பைப் பிடித்திருக்கும் கிளாம்ப் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. உலோகத்தின் கடினமும், கூலண்டின் தேவையும், அதிர்வின் ஓசையும் அதற்குத் தெரியா.

ஆகவே இருவர் இருவராக அமர்ந்து பழகுமாறு வேண்டுகிறோம். ஒருவர் எழுத வேண்டும். மற்றவர் இயக்குமுன் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்து, “இப்போது கட்டர் எங்கே? சுழல்கிறதா? எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?” என்று கேட்க வேண்டும். விடை சொல்ல இயலாத வரியை இயக்கலாகாது. பின்னர் இருக்கையை மாற்றிக்கொள்ளுங்கள். இப்பழக்கம் படிந்தவரின் கையில் எந்திரத்தை ஒப்படைக்க எந்தப் பயிற்றுநரும் தயங்கமாட்டார்.

குடியிருப்பவரால் எந்திரத்தை ஓட்டலாகாது

இங்கே இளைஞர்க்கு ஓர் ஐயம் எழும். பாவனை இவ்வளவு நன்றாக ஓடுகிறதே, இதே விண்டோஸ் கணிப்பொறியில் ஒரு சிறு எந்திரத்தை இணைத்து ஓட்டினால் என்ன என்று கேட்பீர்கள். கூடாது என்பதே விடை. ஏன் கூடாது என்பதை அறிவது இன்றைய உரையின் மிக இன்றியமையாத பகுதி.

எந்திரக் கட்டுப்பாட்டில் சரியான விடை மட்டும் போதாது. சரியான நேரத்திலும் வர வேண்டும். லினக்ஸ் சி.என்.சி. வழக்கமாக விநாடிக்கு ஆயிரம் முறை அச்சுகளின் நிலையைக் கணக்கிடுகிறது. ஸ்டெப்பர் மோட்டாரைக் கணிப்பொறியே நேரடியாகத் துடிப்புகளால் ஓட்டும்போது தேவை இன்னும் கடுமையானது. ஒரு கணக்குப் பார்ப்போம். மோட்டார் ஒரு சுற்றுக்கு 2000 துடிப்பு கேட்கிறது; திருகுத்தண்டு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்துகிறது. ஆக, ஒரு மில்லிமீட்டருக்கு 400 துடிப்பு. நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் செல்ல, விநாடிக்கு 4000 துடிப்பு வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் இடைவெளி 250 மைக்ரோவிநாடி.

இப்போது ஒண்டுக்குடித்தனத்தை மீண்டும் நினையுங்கள். குழாய் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. விண்டோஸ் தன் புதுப்பிப்பையோ வைரஸ் சோதனையையோ கவனிக்க ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் குழாயை மூடினால், குடியிருப்பவர் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த 20 மில்லிவிநாடியில் போகவேண்டிய 80 துடிப்புகள் போவதில்லை. ஓடிக்கொண்டிருந்த மோட்டார் திடுமென நின்று, மறுபடி திடுமென இழுக்கப்படும்போது அடி தவறும். 80 துடிப்பு தவறினால் 0.2 மில்லிமீட்டர். நாம் கையில் பிடிக்கும் வெர்னியர் காலிப்பர் அளக்கும் 0.02 மில்லிமீட்டரைப் போல் அது பத்து மடங்கு. தவறிய அடியை எந்திரம் தானாக அறியாது. அதன்பின் வெட்டும் ஒவ்வொரு கோடும் இடம் மாறியே விழும்.

இதனால்தான் உண்மையான எந்திரத்தை ஓட்டும் கணிப்பொறியில் லினக்ஸ் தனிக்குடித்தனமாக, அதிலும் நேரம் தவறாத நிகழ்நேரக் கருவுடன் இருக்க வேண்டும். அத்தகைய வசதி லினக்சின் பொதுக் கருவிலேயே 2024-இல் சேர்க்கப்பட்டது. ஒரு கணிப்பொறி எவ்வளவு நேரம் தவறுகிறது என்று அளக்க, லேட்டன்சி சோதனை என்னும் கருவி லினக்ஸ் சி.என்.சி.யில் உள்ளது. தவறும் நேரம் 20 மைக்ரோவிநாடிக்குள் இருந்தால் மிக நன்று. 50 வரை ஏற்கலாம். 100-ஐத் தாண்டினால் நேரடித் துடிப்புக்கு அக்கணிப்பொறி உதவாது. இச்சோதனையை மெய்நிகர் கணிப்பொறிக்குள் ஒருமுறை நடத்திப் பாருங்கள். எண்கள் தாறுமாறாக ஏறுவதைக் கண்ணால் காண்பீர்கள். நிகழ்நேரத் தாமதம் பற்றிய எச்சரிக்கைச் செய்தியும் சிலவேளை தோன்றும். பாவனையில் அதனால் தீங்கில்லை. கட்டர் சுழலும் எந்திரத்திலோ அது விரலுக்கும் கண்ணுக்கும் இடர்.

இதிலிருந்து ஒரு வழியும் பிறக்கிறது. விண்டோஸ் 10-க்கு வழங்கிவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்க இயலாத பல நல்ல கணிப்பொறிகளை அலுவலகங்கள் ஒதுக்குகின்றன. பென்டிரைவிலிருந்து லினக்சைத் தொடங்கி அவற்றில் லேட்டன்சி சோதனையை நடத்துங்கள். தேறியவை பிற்காலத்தில் சங்கம் வாங்கவிருக்கும் சிறு எந்திரத்துக்கு மூளையாகலாம். தேறாதவையும் பாவனைப் பயிற்சிக்கு நன்றாகவே உழைக்கும். ஒதுக்கப்பட்டது எதுவும் உதவாதது அன்று என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

செய்ய வேண்டியவை

இளைஞர்களுக்கு நாங்கள் வைக்கும் வேண்டுகோள் சில.

முதலாவதாக, வரைகட்டத் தாளில் தொடங்குங்கள். உருவத்தை வரைந்து மூலைகளின் எண்களைக் குறித்த பின்னரே கணிப்பொறியைத் தொடுங்கள். இரண்டாவதாக, சதுரக் காடி, வட்டக் காடி, நான்கு துளைத் தகடு, படி வைத்த கட்டை, தன் பெயரின் முதல் எழுத்து ஆகிய ஐந்து வேலைகளையும் பிறர் உதவியின்றி முடியுங்கள். மூன்றாவதாக, ஒரு குறிப்பேடு வையுங்கள். தோன்றிய ஒவ்வொரு பிழைச்செய்தியையும், அதன் பொருளைத் தமிழிலும், தீர்ந்த வழியையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கையர்க்கு அதுவே பாடநூல். நான்காவதாக, தொழிற்பயிற்சி நிலையத்தில் பயில்வோர் தங்கள் நிலையத்து எந்திரத்தின் கையேட்டுடன் ஒப்பிடுங்கள். ஜி0, ஜி1, ஜி2, ஜி3 முதலிய அடிப்படைக் கட்டளைகள் பெரும்பாலும் ஒன்றே. துளையிடும் சுழற்சிக் கட்டளைகளும், துணைச் செய்நிரல் எழுதும் முறையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மாறும் இடங்களைத் தனியே எழுதி வைக்காமல் எந்திரத்தின் முன் நிற்காதீர்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. எந்திர வேலை பெண் பிள்ளைகளுக்கு ஆகாது என்ற எண்ணத்தை விடுங்கள். புரோகிராம் எழுதுவதற்கு வேண்டியது கணக்கறிவும் பொறுமையும். இரவில் பட்டறைக்கு அனுப்பத் தயங்கும் வீட்டிலும் கணிப்பொறியின் முன் மகள் அமரலாம். மகனுக்கு ஒதுக்கும் நேரத்தை அவளுக்கும் ஒதுக்குங்கள்.

சங்கப் பொறுப்பாளர்களுக்கு எங்கள் விண்ணப்பம் ஒன்றே. வெள்ளி விழாவின் நினைவாகக் கல்வெட்டு வைப்பதில் எங்களுக்கு மாறுபாடில்லை. அதனுடன், நூலகத்தின் ஒரு மூலையில் நான்கு கணிப்பொறிகளை இப்பயிற்சிக்கென்றே ஒதுக்கித் தாருங்கள். மென்பொருளுக்கு ஒரு காசும் செலவில்லை. மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை அந்த மூலை திறந்திருந்தால் போதும்.

அன்பர்களே! பாவனையிலே தேர்ந்தவர் தொழிலில் தேர்ந்தவராகிவிட்டார் என்று நாங்கள் கூறவில்லை. உலோகத்தின் குணத்தை உலோகமே கற்பிக்கும். மூத்த தொழிலாளியின் அருகில் நின்று அவர் கையையும் காதையும் கவனித்துக் கற்கவேண்டியவை மிகப் பல. ஆனால் எந்திரத்தின் மொழியை முன்னரே அறிந்து செல்பவரிடம் அம்மூத்தவர் மனம் திறந்து பேசுவார். அறியாது செல்பவரைப் பொத்தானிடம் அனுப்பிவிடுவார். நம் பிள்ளைகள் பட்டறை வாயிலில் நுழையும் முதல் நாளிலேயே வரைபடத்தைக் கையில் வாங்கி, “இதற்கு எழுதிக் காட்டுகிறேன்” என்று சொல்லக்கூடியவர்களாக இருக்க வேண்டும். அதற்கு வேண்டிய பள்ளி நம் வீட்டு மேசைமேல் ஆயத்தமாக உள்ளது. அதனைத் திறப்பது நம் கடமை.